மலைநாட்டில் கிரேட் டேன் வளர்ப்பு: குட்டி எடுப்பதற்கு முன்பிருந்து முதுமை வரை

ஹட்டன், நுவரெலியா, பண்டாரவளைப் பக்கம் கிரேட் டேன் வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் கேட்பது, "இந்தக் குளிரைத் தாங்குமா?" என்றுதான். தாங்கும். கொழும்பு வெயிலில் மூச்சிரைக்கக் கிடப்பதைவிட இங்கே அதற்குச் சுகம். கேட்க வேண்டிய கேள்வி வேறு. ராத்திரி பத்து மணிக்கு நாயின் வயிறு ஊதிவிட்டால் அதற்கு ஒப்பரேஷன் செய்யக்கூடிய மிருக வைத்தியர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார்? அவரிடம் கொண்டுபோக யாருடைய வாகனம்? இந்த இரண்டுக்கும் பதில் இருந்தால் மற்றதெல்லாம் பழகிக்கொள்ளக்கூடிய வேலைதான். பதில் இல்லையென்றால் குட்டியைப் பார்க்கவே போகாதீர்கள். பார்த்தால் விட்டுவிட்டு வர மனசு வராது.

எப்படிப்பட்ட நாய்

ஜெர்மனியில் உருவான இனம் இது. காட்டுப்பன்றியைத் துரத்திப் பிடித்து நிறுத்துவதற்காக வளர்த்தார்கள். பிற்காலத்தில் பெரிய வீடுகளின் காவலுக்கு வந்தது. சர்வதேச நாயின அமைப்பான எப்.சி.ஐ.யின் விதிப்படி ஆண் நாய் தோளளவில் குறைந்தது 80 சென்ரிமீற்றர் இருக்க வேண்டும், பெண் 72. நல்ல ஆண் நாய் 60 முதல் 80 கிலோ வரை போகும், பெண் 50 கிலோவுக்கு மேல். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஸீயஸ் என்ற கிரேட் டேனை 2011இல் அளந்தபோது தோள் உயரம் 111.8 சென்ரிமீற்றர். கின்னஸ் புத்தகத்தில் ஏறிய அளவு அது.

உடம்பு இவ்வளவு பெரிது, ஆயுளோ 7 முதல் 10 வருஷம்தான். அதைத் தெரிந்துகொண்டே எடுக்க வேண்டும்.

குணத்தைப் பற்றிப் பலர் தப்புக் கணக்குப் போடுகிறார்கள். ஆளைக் கண்டால் பாயும், கேட்டடியில் கட்டிப்போட்டால் காவல் காக்கும் என்று நினைக்கிறார்கள். உண்மையில் இது மனிதர் பக்கத்திலேயே கிடக்க விரும்பும் நாய். நீங்கள் நின்றால் உங்கள் தொடையில் முழுப் பாரத்தையும் சாய்த்துக்கொண்டு நிற்கும், உட்கார்ந்தால் மடியில் தலையை வைக்கும். வீணாகக் குரைக்காது. குரைத்தால் தோட்டத்தின் அடுத்த டிவிஷனுக்கும் கேட்கும். சங்கிலியில் தனியாகக் கிடந்தால் வாடிப்போகும், சில நாய்கள் முரடாகிவிடும். கள்ளனுக்குப் பயந்து நாய் தேடுகிறவர்களுக்கு நம்ம ஊர் நாயே போதும். அதை மிஞ்சிய காவலும் இல்லை, அவ்வளவு குறைந்த செலவும் இல்லை.

செலவு என்று வந்தால் யானையைக் கட்டித் தீனி போடுகிற கதைதான். 60 கிலோ நாய்க்கு ஒரு நாளைக்கு 650 முதல் 800 கிராம் வரை உலர் உணவு தேவைப்படும். அதாவது மாதம் 20 கிலோவுக்கு மேல். பூச்சி மாத்திரைகளில் பல 10 கிலோவுக்கு ஒன்று என்ற கணக்கில் வருபவை. மற்ற நாய்க்கு ஒன்றோ இரண்டோ போதும் என்றால் இதற்கு ஆறு. மயக்க மருந்து, அன்டிபயோட்டிக், உண்ணி மருந்து எல்லாமே நிறையைப் பார்த்துத்தான். விலையும் அப்படியே ஏறும்.

1. முதலில் வைத்தியர், வாகனம், வழி

நுவரெலியாவிலிருந்து றம்பொடை, புசல்லாவை, கம்பளை வழியாகப் பேராதனைக்கு இறங்குவதென்றாலும் சரி, ஹட்டனிலிருந்து கினிகத்தேனை, நாவலப்பிட்டி வழியாகப் போவதென்றாலும் சரி, மூடுபனியும் மழையும் இருந்தால் இரண்டு மணித்தியாலத்துக்குக் குறையாது. பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்தியப் போதனா வைத்தியசாலை நம் பக்கத்துக்கு ஒரு பெரிய துணை. ஆனால் எந்த நாட்களில், எந்த நேரத்தில் என்ன வேலை அங்கே நடக்கும் என்பதை முன்கூட்டியே போன் பண்ணிக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பகுதி அரச மிருக வைத்தியரிடமும் தனியார் வைத்தியர் ஒருவரிடமும் நேரில் போய்ப் பேசுங்கள். கேட்க வேண்டியதை நேரடியாகவே கேளுங்கள்: "பெரிய நாய்க்கு வயிறு முறுக்கினால் நீங்கள் ஒப்பரேஷன் செய்வீர்களா? இரவில் கூப்பிட்டால் எடுப்பீர்களா? இல்லையென்றால் யாரிடம் அனுப்புவீர்கள்?" இப்படிக் கேட்டால் எந்த நல்ல வைத்தியரும் கோபிக்க மாட்டார்.

அடுத்தது வாகனம். வளர்ந்த டேனை ஓட்டோவில் படுக்க வைத்துக் கொண்டுபோக முடியாது. வேன் வைத்திருக்கும் ஒருவரிடம் முதலே கதைத்து, நாயை ஏற்றுவாரா, ராத்திரியில் வருவாரா என்று தெரிந்துகொள்ளுங்கள். நாய் என்றதும் சீட் நாசமாகும் என்று மறுக்கிறவர்கள் உண்டு. பழைய படங்கு ஒன்றை விரித்துக்கொள்கிறேன் என்று சொன்னால் பாதிப் பேர் இறங்கி வருவார்கள். மண்சரிவில் பாதை மூடினால் சுற்றிப் போக வேறு வழி இருக்கிறதா என்பதையும் பார்த்து வையுங்கள். மழைக்காலத்தில் இது அடிக்கடி நடப்பதுதானே.

2. இடம்

ஒளித்துப் பேச வேண்டியதில்லை. பத்துக்குப் பன்னிரண்டு அடி லயக் காம்பராவில் (தோட்டத்து வரிசை வீட்டின் ஒற்றை அறையில்), பொது வாசலோடு, கிரேட் டேன் வளர்ப்பது நாய்க்கும் கஷ்டம், பக்கத்து வீட்டுக்காரர்களுக்கும் கஷ்டம். ஆசைக்குக் குறை சொல்லவில்லை. இடம் அப்படி. ஏழு பேர்ச்சில் தனிவீடு கட்டியிருப்பவர்கள், சுற்றிவர வேலி போட்டு, வீட்டுக்குள் படுக்க ஒரு மூலை ஒதுக்கித் தர முடிந்தால் சமாளிக்கலாம். ஸ்டாஃப் குவாட்டர்ஸ் மாதிரி வீடென்றால் தாராளம்.

படுக்கைதான் முக்கியம். சீமெந்துத் தரையில் நேரடியாகப் படுத்தால் இரண்டு கெடுதல். ஒன்று குளிர். மற்றது, இவ்வளவு நிறையும் முழங்கை எலும்பில் அழுந்தி அங்கே தோல் தடித்துக் காய்த்துப்போகும், சில நேரம் நீர் கோர்த்துப் பை மாதிரித் தொங்கும். தரையிலிருந்து நாலு விரல் உயரத்தில் மரப்பலகை அடித்து, அதற்கு மேல் தடித்த மெத்தை போடுங்கள். மெத்தைக்கு ரெக்சின் உறை தைத்துவிட்டால் ஈரம் இறங்காது. நாலு காலையும் நீட்டிப் படுக்க வேண்டுமென்றால் ஐந்தடி நீளம், நாலடி அகலம் தேவை.

அப்புறம் வால். சின்ன வீட்டில் இந்த நாயின் வால் ஒரு தனிப் பிரச்சினை. சந்தோஷம் வந்தால் சாட்டை மாதிரி வீசும். சுவரில், கதவு நிலையில் அடிபட்டு நுனி பிளந்து, ஆட்டுகிற ஆட்டில் சுவரெல்லாம் ரத்தப் பொட்டு தெறிக்கும். ஆற விடாமல் திரும்பத் திரும்பப் பிளக்கும், முற்றினால் நுனியை வெட்ட வேண்டியும் வரலாம். ஒடுங்கிய நடையில் நின்று நாயை வரவேற்காமல், வெளியே அகலமான இடத்தில் வைத்துக் கொஞ்சுவது நல்லது.

3. குட்டியைத் தெரிவு செய்தல்

தாயையும் முடிந்தால் தகப்பனையும் நேரில் பாருங்கள். தாய் பயந்தாங்கொள்ளியாகவோ சீறுவதாகவோ இருந்தால் திரும்பி வந்துவிடுங்கள். பரம்பரையில் எந்த நாய்க்காவது வயிறு முறுக்கியதா, திடீரென்று மாரடைத்த மாதிரிச் செத்ததா என்று விசாரியுங்கள். வயிறு முறுக்குவது குடும்பத்தில் ஓடும். இதயத் தசை பலவீனமாகி விரியும் நோயும் இந்த இனத்தில் அதிகம்.

நிறத்தில் ஏமாற வேண்டாம். வெள்ளையில் கறுப்புத் திட்டுத் திட்டாக வரும் ஹார்லிகுவின், சாம்பலில் புள்ளி விழுந்த மெர்ல் இரண்டிலும் மெர்ல் மரபணு இருக்கும். அப்படிப்பட்ட இரண்டு நாய்களை ஒன்றோடொன்று சேர்த்தால், அதே மரபணு இரட்டையாக வாய்த்து, கிட்டத்தட்ட முழு வெள்ளையாகச் சில குட்டிகள் பிறக்கும். அவற்றில் பல செவிடாகவோ குருடாகவோ இருக்கும். "அபூர்வ வெள்ளை" என்று கூடுதல் விலை சொன்னால், குட்டியின் முதுகுக்குப் பின்னால் நின்று கை தட்டிப் பாருங்கள்.

எட்டு வாரத்துக்கு முன் குட்டியை எடுக்காதீர்கள்.

4. முதல் ஒன்றரை வருஷம்: மெதுவாக வளர விடுங்கள்

பிறக்கும்போது அரைக் கிலோ சொச்சம் இருக்கும் குட்டி ஆறு மாதத்தில் 40 கிலோவைத் தொட்டுவிடும். இந்த வேகத்தில் எலும்பு ஈடுகொடுக்கத் திணறும். பெரும்பாலானோர் செய்யும் தப்பு இங்கேதான் இருக்கிறது: "பெரிய எலும்பு, கல்சியம் வேண்டும்" என்று மாத்திரை, பால்மா, முட்டைக் கோது எல்லாம் சேர்த்துக் கொடுப்பது. நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் 1980களில் கிரேட் டேன் குட்டிகளை வைத்தே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். கூடுதலாகக் கல்சியம் கொடுத்த குட்டிகளுக்கு எலும்பு கோணலாக வளர்ந்தது. சின்னக் குட்டியின் குடலுக்கு வேண்டாத கல்சியத்தைத் தள்ளிவிடத் தெரியாது, வருவதில் பெரும்பகுதியை உடம்பில் ஏற்றிக்கொள்ளும். ஆகவே கல்சியம் தனியாக வேண்டாம். பெரிய இனக் குட்டிகளுக்கென்று வரும் உலர் உணவை வாங்குங்கள், பையின் பின்பக்கத்தில் கல்சியம் 1 முதல் 1.5 சதவீதத்துக்குள் இருக்கிறதா பாருங்கள்.

குட்டி கொழுகொழுவென்று இருக்கக்கூடாது. விலாவில் கை வைத்தால் எலும்பு தட்டுப்பட வேண்டும், மேலிருந்து பார்த்தால் இடை தெரிய வேண்டும். வருகிறவர்கள் எல்லாம் "பட்டினி போடுகிறீர்களா?" என்று கேட்பார்கள். கேட்டுவிட்டுப் போகட்டும்.

நான்கு மாதம் வரை நாளைக்கு மூன்று அல்லது நான்கு வேளை, அதற்குப் பிறகு மூன்று, வளர்ந்ததும் ஆயுள் முழுக்க இரண்டு வேளை. ஒரே வேளைச் சாப்பாடு என்ற பேச்சே வேண்டாம். வீட்டுச் சாப்பாடு கொடுப்பதானால் வளர்ந்த நாய்க்கு மட்டும், வைத்தியரிடம் அளவு கேட்டுக்கொண்டு, சோறு, கோழி, ஈரல், கரட், பூசணி என்று உப்பும் தூளும் போடாமல் அவித்துக் கொடுக்கலாம். காலையில் மிஞ்சிய ரொட்டியைக் கட்டைச் சம்பலோடு போடும் பழக்கத்தை மட்டும் நிறுத்துங்கள். வெங்காயம் நாயின் இரத்த அணுக்களை உடைக்கும். அவித்த கோழி எலும்பு சிராயாக உடைந்து குடலைக் கிழிக்கும்.

மாதம் ஒருமுறை நிறுத்துப் பாருங்கள். வீட்டுத் தராசு போதாது. கடையில் அரிசி மூட்டை நிறுக்கும் மேடைத் தராசோ, தோட்டத்தில் அனுமதி கிடைத்தால் ஸ்டோரில் உள்ள தராசோ கைகொடுக்கும். மருந்தின் அளவு எல்லாம் இந்த எண்ணை நம்பித்தான், குத்துமதிப்பு சரிவராது.

ஓட்டம், குதிப்பு, படிக்கட்டு மூன்றையும் ஒன்றரை வயது வரை அளவோடு வையுங்கள். மலைநாட்டில் எங்கே திரும்பினாலும் படிதான், தெரியும். குட்டியாக இருக்கும்போது தூக்கிக்கொண்டு இறங்குங்கள். தூக்க முடியாத வயதில் கழுத்துப் பட்டிக்குப் பதில் நெஞ்சுப் பட்டி போட்டு, பக்கத்தில் நின்று மெதுவாக இறக்குங்கள். தானாக விளையாடிக் களைத்தால் படுத்துக்கொள்ளும். பைக்குக்குப் பின்னால் ஓடவைப்பது இந்த வயதில் கொடுமை. கருத்தடை ஒப்பரேஷனையும் வளர்ச்சி முடியும் மட்டும் தள்ளிப்போடலாமா என்று வைத்தியரிடம் கேளுங்கள். முந்திச் செய்தால் மூட்டுக்கு நல்லதல்ல என்பது இன்றைய கருத்து.

5. பழக்கம்

நான்கு மாதத்துக்குள் இழுக்காமல் நடக்கப் பழக்க வேண்டும். பிறகு பழக்குவது என்றால் உங்களைவிடப் பாரமான ஒன்றோடு மல்லுக்கட்டுவது. ஆள்மேல் காலைத் தூக்கிப் போடும் விளையாட்டைக் குட்டியிலேயே நிறுத்துங்கள். 8 கிலோவில் அது அழகு, 60 கிலோவில் பாட்டியின் இடுப்பு முறியும். அடித்துப் பழக்கினால் கெட்டுப்போகும் இனம் இது. குரலை இறக்கி ஒரு தடவை சொன்னாலே முகம் சுருங்கிவிடும்.

நடக்கக் கூட்டிப்போகும் நேரத்தையும் யோசிக்க வேண்டும். காலையில் பெரட்டு (வேலைக்கு ஆள் பிரிப்பது) முடிந்து கொழுந்துக்குப் போகிறவர்கள் ஒற்றையடிப் பாதையில் வரும் நேரம், மத்தியானம் கொழுந்து நிறுக்கும் நேரம் இரண்டையும் விடுங்கள். தலையில் பாரத்தோடு சறுக்குப் பாதையில் இறங்குகிற ஒரு அக்காவுக்கு எதிரே இவ்வளவு பெரிய நாய் வந்து நின்றால், அது கடிக்காது என்று நீங்கள் கத்துவதில் அர்த்தமில்லை. அவர் பயத்தில் கால் வழுக்கி விழுவார். லயத்து நாய்கள் கூட்டமாகச் சேர்ந்து வந்தால் ஓடாதீர்கள், நாயைக் குறுக்கிப் பிடித்துக்கொண்டு வந்த வழியே நடங்கள். தேயிலைக்குக் களைநாசினி அடித்த மலைப் பக்கமும், மருந்தடித்த மரக்கறித் தோட்டப் பக்கமும் போக வேண்டாம். காலை நக்கும்போது எல்லாம் வயிற்றுக்குள் போகும்.

6. மழை, குளிர், அட்டை, உண்ணி

நுவரெலியா கிட்டத்தட்ட 1,870 மீற்றர் உயரம். "தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்" என்பது சும்மா சொன்னதல்ல, அந்த மாதங்களில் சில விடியற்காலைகளில் புல்லில் உறைபனி வெள்ளையாகக் கிடக்கும். டேனுக்கு உடம்பில் ஒரே அடுக்கு குட்டை முடி, அடியில் கம்பளி மாதிரி இன்னொரு அடுக்கு கிடையாது. ஆகவே ராத்திரி வீட்டுக்குள் படுக்கட்டும். பழைய கம்பளியை வெட்டி, நெஞ்சிலும் வயிற்றிலும் நாடா வைத்துக் கட்டுகிற மாதிரி ஒரு கோட் தைத்துக் கொடுங்கள்.

குளிரைவிட மே முதல் செப்டெம்பர் வரையான மழைதான் தொல்லை. உடம்பு காயாமலே கிடந்தால் தோலில் பூஞ்சணம் வரும், விரலிடுக்கு வேகும், காது நாறும். வெளியே போய் வந்ததும் துவாயால் துடைத்து, விரலிடுக்கைத் தனியாக ஒற்றி எடுங்கள். குளிப்பாட்டுவது மாதம் ஒருமுறை போதும், வெயில் இருக்கும் நாளில், மத்தியானம், இளஞ்சூடான தண்ணீரில். ஈர மண்ணில் நடக்கும் நாய்க்கு நகம் தேயாது, நீங்கள்தான் வெட்ட வேண்டும்.

அட்டை காலில் ஏறினால் உப்புத் தண்ணீர் துணியால் தொட்டால் விழுந்துவிடும். நாய்க்கு ஆபத்து மூக்கட்டை. ஓடையில் வாய் வைத்துக் குடிக்கும்போது உள்ளே போய் ஒட்டிக்கொள்ளும். ஒரு பக்க மூக்கிலிருந்து மட்டும் நாள்கணக்கில் ரத்தம் கசிந்தால், அடிக்கடி தும்மினால், நோண்டிப் பார்க்காமல் வைத்தியரிடம் போங்கள். வெளியே போகும்போது வீட்டுத் தண்ணீரைப் போத்தலில் கொண்டுபோனால் இந்த வினையே இல்லை.

உண்ணிக் காய்ச்சல் இலங்கையில் நாய்களுக்கு அதிகம். உண்ணி கடித்து உடம்புக்குள் விடும் கிருமி இரத்த அணுக்களை உடைக்கும். சாப்பாட்டை மறுத்துச் சோர்ந்து கிடந்தால் உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். வெளிறியிருந்தாலோ சிறுநீர் தேத்தண்ணி நிறத்தில் போனாலோ அன்றைக்கே இரத்தம் சோதிக்க வேண்டும். உண்ணி மருந்தை நிறைக்கேற்ற அளவில் மாதந்தவறாமல் கொடுப்பதுதான் காவல். காதுக்குள், விரலிடுக்கில், கக்கத்தில் தினமும் தடவிப் பார்க்கும் பழக்கமும் வேண்டும்.

7. புலியும் கம்பிச் சுருக்கும்

நாம் புலி என்று சொல்லும் சிறுத்தை இரவில் தேயிலைக்குள் நடமாடுவது தோட்டத்து ஆட்களுக்குப் புதிதல்ல. கட்டிப்போட்ட நாய் அதற்குச் சுலபமான இரை. இலங்கைச் சிறுத்தையில் ஆணின் சராசரி நிறை 56 கிலோ அளவில்தான். நம்ம டேன் அதற்குச் சமம் என்று கணக்குப் போடாதீர்கள். ஒன்று வேட்டையாடிப் பிழைப்பது, மற்றது மெத்தையில் தூங்குவது. குட்டி என்றால் கேட்கவே வேண்டாம். பொழுது பட்டதும் உள்ளே எடுத்துக் கதவைச் சாத்துங்கள். இரவில் ஒன்றுக்கு விடுவதானால் டோர்ச்சோடு நீங்களும் கூடப் போக வேண்டும்.

அதைவிடக் கண்ணுக்குத் தெரியாத ஆபத்து பன்றிக்கு வைக்கும் கம்பிச் சுருக்கு. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் லக்ஷபான தோட்டத்தில் கருஞ்சிறுத்தை ஒன்று இப்படிச் சுருக்கில் மாட்டி, காப்பாற்றிக் கொண்டுபோயும் சில நாட்களில் செத்துப்போனது பலருக்கு ஞாபகமிருக்கும். பன்றியைத் துரத்தப் பழக்கிய இனம் பன்றி வாடை பிடித்தால் புதருக்குள் பாயும். ஆகவே காட்டோரத்தில் பட்டியைக் கழற்றவே கூடாது, எவ்வளவு சொல் கேட்கிற நாயாக இருந்தாலும்.

8. வயிறு ஊதுதல்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் வாசிப்பதானால் இதை வாசியுங்கள். ஆழமான நெஞ்சுக்கூடு உள்ள நாய்களுக்கு வயிற்றில் காற்று நிறைந்து, இரைப்பை தன்னைத் தானே சுற்றி முறுக்கிக்கொள்ளும். இரண்டு வாயும் அடைபடும், இரத்த ஓட்டம் நிற்கும், நாய் சில மணித்தியாலங்களிலேயே செத்துவிடும். எல்லா இனங்களிலும் கிரேட் டேனுக்குத்தான் இந்த ஆபத்து மிக அதிகம்.

அறிகுறிகள் இவை. வாந்தி எடுக்கப் பார்க்கும், ஒன்றும் வராது, நுரை மட்டும் வரும். இதுதான் முதலாவது, இதுதான் முக்கியமானது. ஒரு இடத்தில் படுக்காது, எழும்பும், சுற்றும், வயிற்றைத் திரும்பிப் பார்க்கும். வழக்கத்தைவிட எச்சில் கொட்டும். விலாவுக்குப் பின்னால் வயிறு இறுகி, தட்டினால் மேளம் மாதிரிச் சத்தம் கேட்கும். நெஞ்சு ஆழமான நாய் என்பதால் ஆரம்பத்தில் வீக்கம் வெளியே தெரியாமலும் இருக்கும், அதை நம்பிக் காத்திருக்கக்கூடாது. ஈறு வெளிறிச் சாய்ந்துவிட்டால் நேரம் கிட்டத்தட்ட முடிந்துவிட்டது.

செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: வாகனத்தில் ஏற்றுவது. ஓமத் தண்ணி, இஞ்சிச் சாறு, வாயுக் குளிசை, வயிறு தடவுவது, விடியட்டும் பார்ப்போம் என்பது எல்லாம் நாயைக் கொல்கிற வைத்தியங்கள். ஒருவர் போன் பண்ணி, "கிரேட் டேன், வயிறு முறுக்கல் போல இருக்கிறது, வந்துகொண்டிருக்கிறோம்" என்று சொல்லட்டும், அங்கே எக்ஸ்ரேயும் மேசையும் தயாராகும். எழும்ப முடியாவிட்டால் தடித்த கம்பளியில் உருட்டி, நாலு மூலையையும் நாலு பேர் பிடித்துத் தூக்குங்கள். முதல் வைத்தியர் ஒப்பரேஷன் செய்பவரல்ல என்றாலும் பக்கத்தில் இருந்தால் அங்கே நிறுத்துங்கள். காற்றை வெளியேற்றி, சேலைன் ஏற்றி அனுப்பினால் பேராதனை வரை தாங்கும் வாய்ப்பு கூடும்.

வராமல் தடுக்க முடியுமா? முழுசாக முடியாது, குறைக்கலாம். சாப்பாட்டை இரண்டு மூன்று வேளையாகப் பிரிப்பது, அவசரமாக விழுங்குகிற நாய்க்குத் தட்டின் நடுவே ஒரு பெரிய வழுவழுப்பான கல்லை வைத்து வேகத்தைக் குறைப்பது, சாப்பாட்டுக்கு ஒரு மணித்தியாலம் முன்னும் இரண்டு மணித்தியாலம் பின்னும் ஓட்டம் ஏற்றம் இல்லாமல் பார்ப்பது. உயரமான ஸ்டாண்டில் தட்டை வைத்தால் நல்லது என்று நாய் விற்பவர்கள் சொல்வார்கள். அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழக ஆய்வு ஒன்று 2000இல் அதற்கு நேர்மாறாக, உயர்த்தி வைத்தால் ஆபத்து கூடுவதாகக் கண்டது. ஸ்டாண்டுக்குச் செலவழிக்காதீர்கள்.

அந்தக் காசைக் கேஸ்ட்ரோபெக்சிக்குச் சேர்த்து வையுங்கள். நாய் நல்ல சுகமாக இருக்கும்போதே இரைப்பையை வயிற்றுச் சுவரோடு தைத்துவிடும் ஒப்பரேஷன் இது. அதன் பிறகு காற்று நிறைந்தாலும் முறுக்குவது மிக அரிது. பெண் நாயென்றால் கருத்தடையோடு ஒரே மயக்கத்தில் முடித்துவிடலாம். நகரத்தில், வைத்தியர் பத்து நிமிடத்தில் இருக்கும் ஒருவர் இதைச் செய்யாமல் விடலாம். பொகவந்தலாவையிலோ மஸ்கெலியாவிலோ இருக்கும் ஒருவர் விடக்கூடாது என்பது என் கருத்து.

9. ஊசியும் பதிவும்

குட்டிக்கு ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நாலு வாரத்துக்கு ஒன்றாக, நான்கு மாதம் வரை பார்வோ, டிஸ்டெம்பர் என்ற தொற்றுநோய்களுக்கான ஊசித் தொடர் போக வேண்டும். எலிக்காய்ச்சல் ஊசியும் அதில் சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள், நம் ஈர மண்ணுக்கு அது அவசியம். விசர் ஊசி வருஷாவருஷம். இலவச முகாம் ஊருக்கு வரும்போது இந்த நாயைக் கூட்டத்துக்குள் கொண்டுபோய் நிறுத்தாமல், கடைசி ஆளாகப் போங்கள். 1901ஆம் ஆண்டின் நாய்கள் பதிவுச் சட்டப்படி நாயைப் பிரதேச சபையிலோ மாநகர சபையிலோ பதிய வேண்டும். தோட்டத்து வீடென்றால் நிர்வாகத்திடமும் சொல்லி வையுங்கள்.

10. வயசானால்

ஆறு வயது டேன் கிழட்டு நாய்தான். அந்த வயதிலிருந்து ஆறு மாதத்துக்கொரு தடவை இதயத்தைக் கேட்கச் சொல்லுங்கள். இரவில் இருமல், சின்ன ஏற்றத்திலேயே மூச்சு வாங்குதல், திடீர் மயக்கம் மூன்றும் இதயத்தின் முறைப்பாடு. பின்னங்கால் தள்ளாடி நகத்தைத் தேய்த்து நடந்தால் கழுத்து முள்ளந்தண்டில் நரம்பு அழுந்தியிருக்கலாம். உடனே நெஞ்சுப் பட்டிக்கு மாற்றுங்கள், கழுத்தில் பட்டி போட வேண்டாம். ஒரு காலில் மட்டும் வலியோடு வீக்கம் ஏறினால் சுளுக்கு என்று எண்ணெய் தடவிக்கொண்டிருக்காமல் எக்ஸ்ரே எடுங்கள், எலும்புப் புற்று இந்த இனத்துக்கு வரும்.

எழும்பச் சிரமப்பட்டால் நீளத் துவாயை வயிற்றுக்கடியில் கொடுத்து இருவர் இரண்டு பக்கமும் தூக்கிவிடுங்கள். தரையில் சாக்கோ கால்மிதியோ விரித்தால் வழுக்காது. மனிதருக்கான வலி மாத்திரை, பனடோல் உட்பட, எதுவும் கொடுக்கக்கூடாது. தாங்க முடியாத கட்டம் வந்தால் வீட்டுக்கே வந்து ஊசி போட்டு முடித்துவைப்பீர்களா என்று வைத்தியரிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள், 60 கிலோவை அந்த நிலையில் வேனில் ஏற்றி வளைவுகளில் உருட்டிக்கொண்டு போவது நாய்க்குப் பெரிய வதை. புதைக்கும் இடத்தையும், வீட்டு முற்றமென்றாலும் தோட்ட நிலமென்றாலும், நிர்வாகத்திடம் கேட்டே முடிவு செய்யுங்கள். குழி நாலடிக்குக் குறையாத ஆழம் வேண்டும், மேலே கல் அடுக்க வேண்டும். இல்லாவிட்டால் பன்றி கிளறிவிடும்.